ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் வந்த வழி

செவ்வாய்க்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தாலும் கர்ப்பிணிகள் நிறைந்திருப்பார்கள். அன்று ஏ.என். செக்கப், அதாவது கர்ப்ப காலப் பரிசோதனை நாள். ஒரு பக்கம் எடை, ஒரு பக்கம் பிரஷர், தாய் சேய் நல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே ஒரு வரிசை. ஓரத்து மேஜையில் தண்ணீர்க் கேனும் டம்ளர்களும் இருக்கும்; பக்கத்தில் குளுக்கோஸ் பாக்கெட்டுகள். செவிலியர் பாக்கெட்டின் முனையைக் கத்தரிப்பார். தூள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடாதபடி அடியில் இரண்டு தட்டு தட்டி முழுவதையும் டம்ளரில் கொட்டுவார். 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்குவார். வரிசையில் நிற்கும் பெண் தயங்கிக் கேட்பாள்: "நான் இட்லி சாப்பிட்டுட்டு வந்துட்டேனே சிஸ்டர்?"

"சாப்பிட்டிருந்தா பரவாயில்ல கண்ணு. மெதுவா குடி, ஆனா பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சிடு. குடிச்ச நேரத்தைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பரிசோதனை அவ்வளவுதான். பெண்கள் இதைச் 'சர்க்கரைத் தண்ணி டெஸ்ட்' என்கிறார்கள். செவிலியர்கள் ஜி.சி.டி. என்கிறார்கள். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தலைகாட்டும் சர்க்கரை நோயைக் கண்டுபிடிப்பதற்காக இதைச் செய்கிறார்கள். அந்த வெள்ளைத் தூள், 75 கிராம் என்ற அளவு, இரண்டு மணி நேரம் என்ற கெடு, 140 என்ற எல்லை, 'சாப்பிட்டிருந்தா பரவாயில்ல' என்ற சலுகை எல்லாம் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு காலங்களில் கிளம்பி வந்து அந்த டம்ளரில் சேர்ந்தவை. கடைசியில் சொன்ன சலுகை மட்டும் நம் சென்னையிலிருந்து கிளம்பியது.

முதலில் தூள். 1747-இல் பெர்லினில் ஆந்திரியாஸ் மார்கிராஃப் என்ற வேதியியலாளர் உலர்திராட்சையிலிருந்து ஓர் இனிப்பைப் பிரித்தெடுத்தார். கரும்புச் சர்க்கரையிலிருந்து அது வேறாக இருந்தது. குளுக்கோஸ் மனிதர் கையில் தனியாகக் கிடைத்த முதல் தருணங்களில் அது ஒன்று. ஆனால் திராட்சையிலிருந்து எடுத்துக் கட்டுப்படியாகாது. 1811-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் காட்லீப் கிர்ச்சாஃப், மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் அது இனிப்புப் பாகாக மாறுவதைக் கண்டார். நெப்போலியன் போர்களால் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வரத்து குறைந்திருந்த நேரம் அது. விளைச்சல் உள்ள எந்த ஊரிலும் மாவுச்சத்து உண்டு. எனவே எந்த ஊரிலும் இனி இனிப்புச் செய்யலாம் என்றாயிற்று.

இன்று அந்த மாவுச்சத்து பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளம் அதிகமும் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். மாவுச்சத்து ஆலைக்குப் போகும் மக்காச்சோளத்தின் கதை வேறு. மணிகளை வெதுவெதுப்பான நீரில், சிறிது கந்தக டை ஆக்சைடு கலந்து, ஒன்றரை இரண்டு நாள் ஊறவைப்பார்கள். ஊறி உப்பியதை உடைத்து முளைக்கருவைப் பிரித்து எண்ணெய்க்கு அனுப்புவார்கள். உமியையும் புரதத்தையும் தீவனத்துக்கு ஒதுக்குவார்கள். மிஞ்சுவது பால்போன்ற மாவுக் கரைசல். அதை நூறு டிகிரிக்கும் மேல் சூடாக்கி ஒரு நொதியால் இளகவைத்து, பிறகு சூட்டைத் தணித்து இன்னொரு நொதியைச் சேர்த்து ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தால், மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் கண்ணி கண்ணியாக அறுந்து ஏறக்குறைய முழுவதும் குளுக்கோஸாகிவிடும். வடிகட்டி, சுண்டவைத்து, மெல்ல ஆறவிட்டால் படிகம்.

இரண்டாவது நொதியைக் கொடுப்பது அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சணம். வெங்காயத்தின் மேல்தோலில் கறுப்பாகப் பொடிபோல ஒட்டியிருக்கிறதே, அதேதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் அது மறுபடியும் வருகிறது.

தூளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலையிலிருந்து வரும் குளுக்கோஸ் இரண்டு வகை: நீர் சேராத படிகம், ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருக்கும் படிகம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நீர் சேர்ந்த வகையில் 75 கிராம் குளுக்கோஸ் வேண்டுமென்றால் 82.5 கிராம் நிறுத்துப் போடவேண்டும். கடையில் வாங்கிய பெரிய பாக்கெட்டிலிருந்து கரண்டியால் அள்ளி 'இவ்வளவு இருக்கும்' என்று கலக்கிக் கொடுக்கும் இடங்களில் பரிசோதனை அங்கேயே பிசகிவிடுகிறது. தூள் குறைந்தால் சர்க்கரையும் குறைவாகக் காட்டும், நோயுள்ளவள் நோயில்லாதவளாக வீட்டுக்குப் போவாள். அதனால்தான் ஒருவருக்கு ஒன்று என்று அளந்து அடைத்த பாக்கெட்டை வலியுறுத்துகிறார்கள்.

கர்ப்பிணி ஏன் இதைக் குடிக்கவேண்டும் என்ற கேள்வியும் பெர்லினிலேயே தொடங்குகிறது. 1824-இல் ஹைன்ரிக் பென்னவிட்ஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி லத்தீன் மொழியில் ஆய்வேடு எழுதினார். அந்தப் பெண்ணுக்கு வயது 22, ஐந்தாவது கர்ப்பம். அடங்காத தாகம், ஓயாத சிறுநீர், சிறுநீரில் சர்க்கரை. பிறந்த குழந்தை 12 பவுண்டு எடை இருந்தது, பிரசவத்திலேயே இறந்துபோனது. பிரசவத்துக்குப் பிறகு தாயின் சிறுநீரில் சர்க்கரை மறைந்துவிட்டது. இந்த நோய் கர்ப்பத்தின் விளைவாகவே வந்தது என்று பென்னவிட்ஸ் எழுதினார். இப்போது நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் அத்தனையும் அந்த ஒரு பிரசவத்தில் இருக்கிறது: கர்ப்பத்தோடு வந்தது, பிள்ளையைப் பெரிதாக்கியது, பிள்ளையைக் கொன்றது, பிரசவத்தோடு போனது.

1882-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மேத்யூஸ் டங்கன் இப்படி 22 கர்ப்பங்களைத் திரட்டி வெளியிட்டார். தாய்களும் பிள்ளைகளும் அதில் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். 1922-இல் இன்சுலின் வந்தபின் தாய்கள் பிழைத்தார்கள். பிள்ளைகள் தொடர்ந்து இறந்தன. ஏன் என்பதற்கு டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950-களில் விடை சொன்னார். தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும். பிள்ளை தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்த்துப் பெருக்கிறது. தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்வது இதனால்தான். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை சட்டென்று நின்றுபோகும், பிள்ளையின் இன்சுலின் மட்டும் நிற்காமல் சுரந்துகொண்டிருக்கும். எடை நன்றாக இருக்கும் பிள்ளை சில மணி நேரத்தில் சர்க்கரை குறைந்து துவண்டு போகும். கவனிக்காவிட்டால் வலிப்பு வரும். 'குண்டுக் குழந்தை, நல்ல புஷ்டி' என்று ஊர் கொண்டாடும் பிள்ளையின் குதிகாலில் நர்ஸ் ஏன் ஊசி குத்திப் பார்க்கிறார் என்று கோபப்படும் பாட்டிமார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அளவும் எல்லையும் பிறந்த கதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. 1964-இல் ஜான் ஓ'சலிவன் என்ற மருத்துவரும் கிளேர் மஹான் என்ற புள்ளியியலாளரும் சேர்ந்து 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மூன்று மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கை வெளியிட்டார்கள். நான்கு முறை ஊசி. சராசரியைவிட எவ்வளவு விலகினால் நோய் என்று அவர்கள் ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை வைத்துக் கிழித்ததல்ல. பின்னாளில் தாய்க்குச் சர்க்கரை நோய் வருமா என்பதைக் கணிப்பதற்காகக் கிழித்தது. பல ஆண்டுகள் அதுவே உலகத்துக்கு அளவுகோலாக இருந்தது. பிறகு அமெரிக்கா 100 கிராம், ஐரோப்பா 50 கிராம் என்று ஆளுக்கொரு அளவில் நின்றபோது, உலக சுகாதார நிறுவனம் 1980 வாக்கில் எல்லாருக்கும் பொதுவாக 75 கிராம் என்று முடித்துவைத்தது. பார்க்கும் நேரம் இரண்டு மணி, எல்லை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம். டம்ளரில் விழும் 75 கிராம் என்பது இப்படி இரண்டு கண்டங்களுக்கு நடுவே எட்டிய சமரச அளவு.

75 கிராம் என்பது உடம்புக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம். நம் உடலில் ஓடும் மொத்த ரத்தத்திலும் எந்த நேரத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம். அதைப்போலப் பதினைந்து மடங்கை அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் குடித்துவிடுகிறாள். சிறுகுடல் அதை அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் விடும். கணையம் இன்சுலினைச் சுரந்து, கல்லீரலுக்கும் தசைக்கும் அதை ஒதுக்கவேண்டும். கர்ப்பமில்லாதபோது இதைச் சுலபமாகச் செய்யும் உடம்பு கர்ப்பத்தில் திணறுகிறது, ஏனென்றால் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் எதிர்க்கின்றன. அதில் பிழை ஏதுமில்லை. சர்க்கரை கொஞ்சம் ரத்தத்திலேயே தங்கினால்தான் பிள்ளைக்குப் போகும். கணையம் இரண்டு பங்கு உழைத்து ஈடுகட்டிவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. ஈடுகட்ட முடியாதவளுக்குத்தான் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வளர வளர எதிர்ப்பும் கூடி, 24-ஆவது வாரத்துக்கு மேல் வெளிப்படையாகத் தெரியும். 24 முதல் 28 வாரத்துக்குள் என்று பரிசோதனைக்குக் கெடு வைத்திருப்பது அதனால்தான்.

சென்னைக்கு வருவோம்.

டாக்டர் வீ. சேஷையா சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவு நோய்த் துறையைக் கட்டியெழுப்பியவர். கர்ப்ப காலச் சர்க்கரையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். மேலைநாட்டு முறை அவருக்குத் தெரியாததல்ல. முதல் நாள் 50 கிராம் குடிக்கவைத்துப் பார்ப்பது, அதில் சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி 100 கிராம் குடிக்கவைத்து நான்கு முறை ரத்தம் எடுப்பது. பாஸ்டனில் அது நடக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டு வேலை முடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, முதல் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வரும் கர்ப்பிணியிடம் 'வெறும் வயிற்றோடு வா' என்றால் பாதி வழியில் மயங்கி விழுவாள். 'இன்னொரு நாள் வா' என்றால் வரமாட்டாள். அன்று கூலி போகும். கூட வருவதற்கு ஆளும் இருக்காது. முதல் பரிசோதனையில் சந்தேகப்பட்டு அனுப்பியவர்கள் இரண்டாவதுக்குத் திரும்பாமலே போவதை அவர் கண்ணெதிரே பார்த்தார். எனவே இரண்டையும் ஒன்றாக்கினார். வந்த அன்றே, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ்; இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஊசி; 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை நோய். அவர் முன்னின்று நடத்திய இந்தியக் கர்ப்ப கால நீரிழிவு ஆய்வுக் குழுவின் பெயரை ஒட்டி 'டிப்சி முறை' என்று மருத்துவ உலகம் இதை அழைக்கிறது.

இது தேவைதானா என்று கேட்டவர்களுக்கு எண்களால் பதில் வந்தது. தமிழ்நாட்டில் நகரம், சிறுநகரம், கிராமம் என்று மூன்று வகை ஊர்களில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறுநகரத்தில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் இந்த நோய் இருந்தது. கடைசி எண்ணை நிதானமாகப் படிக்கவேண்டும். களத்துமேட்டிலும் நூறுநாள் வேலையிலும் உடம்பு நோக உழைக்கும் பெண்களில் பத்தில் ஒருத்தி. 'சுகர் எல்லாம் பணக்கார வியாதி' என்ற பேச்சை அந்த எண் அடியோடு சாய்த்துவிட்டது. குண்டாக இருப்பவளுக்கு, குடும்பத்தில் சுகர் உள்ளவளுக்கு மட்டும் பார்த்தால் போதும் என்ற வாதமும் அதோடு போனது.

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 2007-இல், தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுமைக்கும் வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. 2018-இல் அதைத் திருத்தியது. அதன் அடிப்படை டிப்சி முறைதான். சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10 கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, பஸ்ஸில் வரும் பெண்ணை மனதில் வைத்து ஒரு மருத்துவர் ஒரு பரிசோதனையை வடிவமைத்தார் என்பதும், அவளுடைய நாட்கூலியையும் பசியையும் அதில் கணக்கெடுத்தார் என்பதும்தான்.

எதிர்வாதமும் வலுவானது. 2008-இல் ஒன்பது நாடுகளின் 15 மையங்களில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹாப்போ ஆய்வு வெளியானது. தாயின் சர்க்கரை ஏற ஏறப் பிள்ளைக்கு ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, 'இதற்குக் கீழே பயமில்லை' என்று சொல்லும் இடமே கிடையாது என்று அது காட்டியது. அதை வைத்து 2010-இல் புதிய எல்லைகள் வந்தன: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153, ஏதாவது ஒன்றை எட்டினாலும் நோய். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதை ஏற்றது. அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை என்று நம்மவர்கள் சொன்னார்கள். நம் பெண்களில் பலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்து சாப்பிட்டபின் மட்டும் எகிறும் என்றும் சொன்னார்கள். சாப்பிட்டபின் பார்ப்பதற்கும் வெறும் வயிற்றில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சேஷையா குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வைக் காட்டினார்கள். 2014-இல் அதே சென்னையிலிருந்து டாக்டர் வி. மோகன் குழுவினரின் ஆய்வு நேரெதிராகச் சொன்னது: வெறும் வயிற்றுப் பரிசோதனையில் பிடிபட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே சாப்பிட்டபின் செய்த பரிசோதனையிலும் பிடிபட்டார்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றோடு வந்து, உட்கார்ந்து, மூன்று முறை ரத்தம் கொடுக்க வசதியுள்ள நகரத்துப் பெண் அதைச் செய்துகொள்வதே நல்லது. அவளுடைய மருத்துவர் அதைத்தான் சொல்வார். மாநிலம் முழுவதற்கும் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டிய அரசு 2007-இல் எடுத்த முடிவும் சரியானது. துல்லியம் கூடிய பரிசோதனை என்றாலும் பாதிப்பேருக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தப் பாதிப்பேருக்கு அது சூன்யம். ஆனால் எளிமைக்காகக் கொஞ்சம் துல்லியத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதல் முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒன்று. அது சரியாக இருந்தால் 24–28 வாரத்தில் இன்னொன்று. முதலாவது சரியாக இருந்துவிட்டது என்று இரண்டாவதைத் தட்டிக் கழித்தால் முழு ஏற்பாடும் உடைந்துபோகும்.

டம்ளருக்குத் திரும்பலாம். குடித்து முடித்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நாக்கு ஒட்டும் இனிப்பு, அதுவும் வெயில் ஏறும் நேரத்தில். மசக்கை தீராதவளுக்குக் குமட்டும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை செல்லாது. மறுநாள் திரும்பச் செய்யவேண்டும். அரை மணிக்குப் பிறகு எடுத்தால் தொடரலாம். வாந்தியை மறைத்துவிடும் பெண்கள் உண்டு, திரும்பவும் அதைக் குடிக்கவேண்டுமே என்ற பயம். மறைக்கவேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காக்கள் சொல்லவேண்டும். இரண்டு மணி நேரத்தில் எதுவும் சாப்பிடக்கூடாது, நடந்து கடைக்குப் போய்விட்டு வரவும் கூடாது. நடந்தால் தசை சர்க்கரையை எரித்து எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.

இரண்டாவது மணி முடிந்ததும் ஊசி. குளுக்கோமீட்டர் இருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டு, சில நொடிகளில் எண். ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ரத்தம் போகும். அந்தக் குழாயின் அடியில் சோடியம் ஃபுளூரைடு பொடி இருக்கிறது. உடம்பைவிட்டு வெளியே வந்தபிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். பக்கத்திலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதை மட்டுப்படுத்தத்தான் அந்தப் பொடி. சாதாரணக் குழாயில் வைத்துவிட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். 144 என்று இருந்த ரத்தம் ஒரு மணி நேரம் மேஜையில் கிடந்தால் 135 ஆகிவிடும். நோயுள்ள பெண்ணின் அட்டையில் 'நார்மல்' என்று ஏறும். சாம்பல் மூடிக் குழாய் தீர்ந்துபோன ஒரு நாளில், எடுத்த ரத்தத்தை உடனே பார்க்காமல் விட்ட ஒரு மணி நேரத்தில், இத்தனை தூரம் வந்த பயணம் வீணாகிவிடும். ஆய்வகத் தொழில்நுட்பர்கள் இந்தக் குழாயைக் கேட்டு நச்சரிக்கும்போது கிடங்கில் இருப்பவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஆய்வகத்தில் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்த மஞ்சள் நீரில் 10 மைக்ரோலிட்டரை எடுத்து ஒரு மில்லி வினைப்பொருளில் விடுவார்கள். பத்து நிமிஷத்தில் நீர் இளஞ்சிவப்பாக மாறும். சர்க்கரை எவ்வளவு அதிகமோ சிவப்பு அவ்வளவு அடர்த்தி. கருவி அந்த நிறத்தை எண்ணாக மாற்றிக் கொடுக்கும். குளுக்கோஸைத் தேடிப் பிடித்து இந்த நிறமாற்றத்தைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்று பெயர். அதைக் கொடுப்பதும் அஸ்பர்ஜில்லஸ் நைஜர்தான். மக்காச்சோள மாவை அறுத்துக் குளுக்கோஸாக்கிய அதே பூஞ்சணம், அந்தக் குளுக்கோஸ் ஒரு பெண்ணின் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதையும் அளந்து சொல்கிறது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் நிற்கவைத்த இடம் இதுதான்.

எண் 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வீட்டில் இடி விழுந்ததுபோல ஆகிவிடுகிறது. 'எங்க வம்சத்துல யாருக்கும் சுகர் இல்லையே' என்று மாமியார் சொல்ல, பெண் குற்றவாளிபோல் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை. பெரும்பாலான பெண்களுக்குச் சாப்பாட்டை மாற்றி, சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தாலே போதும். இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்ட இரண்டு மணியில் 120-க்குக் கீழே இருந்தால் அதையே தொடரலாம். இல்லாவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ. சாப்பாட்டைக் குறைப்பது என்றால் பட்டினி கிடப்பதல்ல. மூன்று வேளையில் குவித்துச் சாப்பிடுவதை ஐந்தாறு வேளையாகப் பிரிப்பது. தட்டில் சோற்றுக் குவியலைச் சிறிதாக்கிக் காய், கீரை, பருப்பு, சுண்டல், முட்டையைக் கூட்டுவது. 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்' என்று இன்னொரு கரண்டி சோறு போடும் கைகளுக்கு அன்பு உண்டு. அந்த அன்பைச் சுண்டலாகப் போடுங்கள் என்றுதான் கேட்கவேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் பலன் உண்டா என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 1,000 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு விடை சொன்னது: பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் கடுமையான பாதிப்புகள் நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தன.

நம் ஊரில் இந்தப் பயணம் அறுபடும் இடம் இரண்டு. இரண்டுக்கும் காரணம் நம் வழக்கம்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். இரண்டாவது பரிசோதனைக்கான வாரங்கள் சரியாக அதற்கு முன்னால் வருகின்றன. பெட்டி கட்டும் மும்முரத்தில் அது தவறிவிடுகிறது. புகுந்த ஊர் செவிலியர் தாய்வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பார், தாய்வீட்டு ஊர் செவிலியர் அங்கேயே பார்த்திருப்பார்கள் என்று நினைப்பார். வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே, அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஒன்றை இந்தப் பரிசோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று பிரசவத்துக்குப் பிறகு. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். பென்னவிட்ஸ் பார்த்ததும் அதுதான். வீட்டில் எல்லாரும் 'சுகர் போயிடுச்சு' என்று நிம்மதியாகிவிடுவார்கள். போய்விடவில்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பிரசவமாகி ஆறு வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸை இன்னொரு முறை குடிக்கவேண்டும், இந்த முறை வெறும் வயிற்றில். இரண்டு மணியில் 140-க்குக் கீழே என்றால் சரி. 140 முதல் 199 வரை எச்சரிக்கை. 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இந்த மூன்றாவது டம்ளரைக் குடிக்காமல் விட்டுவிடும் பெண்கள்தான் அதிகம். அப்போது வீட்டில் எல்லார் கண்ணும் பிள்ளைமேல் இருக்கும், தாயைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது.

ஆறாவது வாரம் என்பது பிள்ளைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி போடும் வாரம். அதற்கு எந்த வீட்டிலும் தவறாமல் போகிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், தடுப்பூசிக்குப் போகும் அன்று காலை அவளை வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். தாய் சேய் நல அட்டையில் கர்ப்ப காலச் சர்க்கரை எழுதியிருக்கும் பக்கத்தைச் செவிலியரிடம் காட்டி, 75 கிராம் பரிசோதனை செய்யவேண்டும் என்று நீங்களே கேளுங்கள். இரண்டு மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளக் கணவனோ அம்மாவோ கூடப் போகவேண்டும். அன்று முடிவு சரியாக வந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை அவளுக்குச் சர்க்கரை பார்க்கத் தவறாதீர்கள்.